திருமலைக்கு வரும் உறவினர்க்கு



சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் விருந்தினர்க்குக் குறைவில்லை. மும்பையிலிருந்து ஒரு சித்தப்பா, கொல்கத்தாவிலிருந்து ஒரு மாமா, தில்லியிலிருந்து தங்கையின் குடும்பம் என்று எவரேனும் வந்துகொண்டே இருப்பர். பேரக்குழந்தைக்கு முடியிறக்க வருவார் ஒருவர். முதிய தாயாரின் நெடுநாள் வேண்டுதலை நிறைவேற்ற வருவார் மற்றொருவர். அவர்கள் அனைவர்க்கும் நாங்கள் முதலில் சொல்வது ஒன்றே: குடும்பத்தில் மிகத் தளர்ந்தவர் எவரோ, அவருடைய நடைக்கு ஏற்பவே பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

மும்பையிலிருந்து சென்னை செல்லும் வண்டிகள் பலவும் ரேணிகுண்டாவில் நிற்கின்றன. அங்கிருந்து திருப்பதி ஏறத்தாழ 10 கிலோமீட்டர். கொல்கத்தாவிலிருந்து வருவோர் கூடூரில் இறங்கி வண்டி மாறலாம். வேலூர் மருத்துவமனைக்கு வந்து, அப்படியே மலைக்கும் போக எண்ணுவோர்க்குச் சித்தூர் வழியே சாலையும் இரயிலும் உண்டு. எவ்வழி வந்தாலும், இரண்டு இரவு இரயிலில் கழித்தவரை அன்றே மலையேற்றுவது தகாது. முதல் நாளைக் கீழேயே கழிக்கலாம். கோவிந்தராசர் கோயில் ஊருக்குள்ளேயே உள்ளது. திருச்சானூர் பத்மாவதித் தாயார் கோயிலும் அருகிலேயே உள்ளது. மறுநாள் மலைக்குப் போனால் முதியவர் முகத்தில் களைப்பு இராது.

அடுத்தது, நாளைத் தேர்ந்தெடுப்பது. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் நம்மவர்க்குக் கால்கள் தாமே திருப்பதியை நோக்கி நடக்கும். வைகுண்ட ஏகாதசியும் அத்தகையதே. அந்நாட்களின் கூட்டத்தை இளைஞர் தாங்கலாம். முதியோர் தாங்குதல் அரிது. 2025 சனவரி 8 அன்று, வைகுண்ட ஏகாதசிச் சீட்டுகளுக்காகத் திருப்பதி நகரில் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்கள் மலையை மிதிக்குமுன்பே முடிந்துபோன பயணம் அது. ஆதலின் முதியோரையும் குழந்தைகளையும் அழைத்து வருவோர் திருவிழா அல்லாத வாரநாளொன்றைத் தேர்வது நலம். 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். முதியோர்க்கும் கைக்குழந்தையுடன் வருவோர்க்கும் தனி ஏற்பாடுகள் உண்டு. விதிகளும் நேரங்களும் மாறுமாதலால், புறப்படுமுன் தேவஸ்தானத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆதார் அட்டையை எவரும் மறத்தலாகாது.

நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்க்கு இருவழிகள் உள்ளன. அலிபிரி வழியில் ஏறத்தாழ 3,550 படிகள். சீனிவாசமங்காபுரம் பக்கமுள்ள ஸ்ரீவாரி மெட்டு வழியில் ஏறத்தாழ 2,400 படிகள். பின்னது குறுகியது, ஆயினும் செங்குத்தானது. அலிபிரி வழியில் இடையே சமதரை வந்ததும் மலை முடிந்ததென்று மகிழ்வோர் உண்டு. முழங்கால் முறிச்சான் என்று நம் முன்னோர் பெயரிட்ட ஏற்றம் அதற்குப் பின்னரே வரும். இதயநோயும் மூட்டுவலியும் உள்ளவர் பேருந்தில் ஏறுவதால் வேண்டுதல் குறைந்துவிடாது. இவ்வழி காட்டின் நடுவே செல்வது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டு மாதத்தில் அலிபிரி வழியில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. குழந்தைகளைப் பகலிலேயே, கூட்டத்தோடு கூட்டமாக, கையைப் பற்றி அழைத்துச் செல்ல வேண்டும், முன்னே ஓடவிடலாகாது.

கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. இதனை எளிய செய்தியென்று கருதியிருந்தோம். மும்பையிலிருந்து வந்த எங்கள் அத்தை ஒருவர், தரிசனம் முடிந்து வெளிவரும்போது கூட்டத்தில் பிரிந்துவிட்டார். கைப்பேசிகள் யாவும் ஒப்படைக்கும் இடத்தில் இருந்தன. தங்கிய விடுதியின் பெயர் அவருக்குத் தெரியாது. மகனுடைய எண்ணும் நினைவில் இல்லை. இரண்டு மணி நேரம் தேடியபின், ஒரு தூணடியில் அமர்ந்திருக்கக் கண்டோம். “எங்கும் போகாமல் இருந்தால் நீங்களே வருவீர்கள் என்று இருந்துவிட்டேன்” என்றார். அவர் அறிவு எங்களுக்கு இல்லாமற்போயிற்று. அன்று முதல் விருந்தினர் ஒவ்வொருவர் மடியிலும் பெயர், எண், தங்குமிடம் எழுதிய சீட்டொன்றை வைத்தனுப்புகிறோம். பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதையும் உள்ளே செல்லுமுன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

இன்னும் சில. தலைமுடி காணிக்கைக்குக் கட்டணமில்லை. எவர்க்கும் பணம் தர வேண்டுவதில்லை. மொட்டையடித்த குழந்தைக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமற் போகலாம். மார்கழி, தை மாதங்களில் தலைக்குத் துணி அவசியம். கோடையில் கல்தரை சுடும். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்தால் மலைச்சாலையில் தடை நேரலாம். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்க. திருமலையில் பூக்கள் யாவும் பெருமாளுக்கே என்பது மரபு. பெண்கள் அங்குப் பூச்சூடுவதில்லை. பசித்தவர்க்கு அன்னதானக் கூடத்தில் இலவசமாக உணவு உண்டு.

மொழிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்து, பின் ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்தின் பக்கம் வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறின, கடைத்தெருவின் பேச்சு மாறவில்லை. தமிழில் கேட்டால் பெரும்பாலும் தமிழிலேயே விடை வரும். எனினும் நீருக்கு ‘நீள்ளு’ என்றும், வழி எங்கே என்பதற்குத் ‘தாரி எக்கட’ என்றும் தெலுங்கில் கேட்டால் சொல்பவர் முகம் மலரும். பிற மாநிலத்தில் வாழும் நீங்கள் இதனை எங்களினும் நன்கறிவீர்கள்.

ஊர் திரும்பியபின் தாயாரை நோக்கி, “தரிசனம் நன்றாக ஆயிற்றா?” என்று அண்டைவீட்டார் கேட்பர். “ஆயிற்று, சிரமமே இல்லை” என்று அவர் சொல்லும்படி அழைத்துச் செல்லுங்கள்.