வரைபடமும் வாய்ச்சொல்லும்: மானிடப் புவியியல் மாணவரின் பணியிடப் பயிற்சி



மொழியியல் பயின்ற எம்மைப் புவியியல் மாணவரின் பணியிடப் பயிற்சி குறித்துப் பேச அழைத்தது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். இவ்விரு துறையினரும் தட்டுகின்ற கதவு ஒன்றே என்பதுதான் அதற்கு விடை. ஒரு குடியிருப்பில் வாழ்வோர் எவ்வாறு பேசுகின்றனர் என்று அறிய மொழியியலார் செல்கின்றார். அம்மக்கள் எங்கிருந்து வந்தனர், ஏன் அங்குத் தங்கினர், அந்நிலத்தை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று அறிய மானிடப் புவியியலார் செல்கின்றார். கதவு திறந்தபின் இருவருக்கும் வேண்டுவது, எதிரில் இருப்பவர் சொல்லும் சொல்லை அவர் கொள்ளும் பொருளிலேயே கேட்கும் பழக்கம். அப்பழக்கத்தை வகுப்பறையில் தொடங்கி வைக்கலாம். பணியிடத்தில்தான் அது முதிர்கின்றது. இன்றைய உரையில் யாம் வலியுறுத்த விரும்புவது இதுவே.

நிலத்தையும் மக்களையும் இணைத்துக் காணும் பார்வை தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றைக் கருப்பொருள் என்று வகுத்து, அந்தந்த நிலத்தோடு பொருத்தியது. இன்று பல்கலைக்கழகத்தில் மானிடப் புவியியல் என்னும் பெயரில் நடைபெறும் கல்வி, குடிபெயர்வு, நகர வளர்ச்சி, நிலப்பயன்பாடு, போக்குவரத்து முதலியவற்றை ஆராய்கின்றது. அளவைகளும் கருவிகளும் மாறியுள்ளன. நிலத்தில் யார் என்ன செய்து வாழ்கின்றனர் என்னும் அடிப்படைக் கேள்வி மாறவில்லை.

எம் சொந்தப் பிழை ஒன்றை முதலில் கூறிவிடுகின்றோம். 1980களில் முனைவர்ப் பட்ட ஆய்வின் பொருட்டு, ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பேச்சுவழக்குத் தரவுகளைத் திரட்டினோம். எம் வினாப்பட்டியலின் முதல் வினா, ‘உங்கள் ஊர் எது?’ என்பது. முதியவர் ஒருவர் நாமக்கல் என்றார். மற்றொருவர் முசிறி என்றார். அவற்றை அவர்கள் பிறந்த இடங்கள் என்றே குறித்துக்கொண்டோம். இரண்டு வாரங்கள் கழித்து, நாமக்கல் என்ற அம்மையாரிடம் அவ்வூரைப் பற்றிக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். அவர் பிறந்தது அத்தோட்டத்து லயத்தில். நாமக்கல்லை அவர் கண்ணால் கண்டதே இல்லை. அவருடைய பாட்டனார் விட்டுவந்த இடம் அது. அம்மக்கள் வழக்கில் ‘ஊர்’ என்பது கடலுக்கு அப்பால் இருந்தது. ‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்றால் தமிழகத்துக்குச் சென்றிருக்கிறார் என்று பொருள். வாழும் இடத்தை அறிய ‘எந்தத் தோட்டம்?’ என்று கேட்டிருக்கவேண்டும். தமிழ் அறிந்தவர் என்னும் செருக்கோடு சென்ற எமக்குத் தமிழ்ச்சொல் ஒன்றே பாடம் கற்பித்தது. இரு வாரக் குறிப்புகளைத் திருத்தி எழுதினோம்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். மலேசியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளங்கலைப் படிப்பின் பிற்பகுதியில் மாணவர் சில மாதங்கள் ஒரு பணியிடத்தில் இருந்து பயிற்சி பெறுகின்றனர். மானிடப் புவியியல் மாணவருக்கு நகராண்மைக் கழகங்கள், நில அலுவலகங்கள், நகரத் திட்டமிடல் துறை, தனியார் திட்ட ஆலோசனை நிறுவனங்கள், மரபுடைமைப் பாதுகாப்பு அமைப்புகள் ஆகியவை பொருத்தமான இடங்கள். அங்கு அவர்கள் நிலப்பயன்பாட்டைக் கணக்கெடுக்கின்றனர். புவித்தகவல் அமைப்பில் வரைபடம் தீட்டுகின்றனர். மக்கள் கருத்துகளைத் தொகுக்கின்றனர். படிகள் எடுத்தும் தரவுகளைத் தட்டச்சு செய்தும் பொழுது கழிவதும் உண்டு.

இவ்வேலைகள் சிறியவை எனத் தோன்றலாம். அவற்றின் விளைவு சிறியதன்று. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவும் அவர்களின் மறுப்புகளைப் பெறவும் வழி செய்கின்றது. ஆயினும் வரைபடத்தில் காட்டப்படாத ஒன்றைப் பற்றி யார் எவ்வாறு மறுப்பு எழுதுவர்? பயிற்சி மாணவர் ஒருவர் கணினியில் நிறம் தீட்டும் ஒரு கட்டம், ஒரு குடியிருப்பின் வருங்காலமாக இருக்கக்கூடும்.

இந்நாட்டில் தோட்டங்கள் நகரங்களான வரலாற்றை நாம் அறிவோம். 1995இல் கட்டுமானம் தொடங்கிய புத்ராஜெயா, பெராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்தது. அத்தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தன. பெராங் பெசார் என்னும் மலாய்ப் பெயருக்குப் பெரும்போர் என்பது பொருள். முதல் உலகப்போரின் நினைவைத் தாங்கிய பெயர் அது. இத்தகைய பெயர்கள் வழக்கொழியும்போது, அங்கு யார் வாழ்ந்தனர் என்று கேட்பதற்குரிய தொடக்கமும் மறைந்துபோகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் மானிடப் புவியியல் மாணவி ஒருவர் எம் இல்லத்துக்கு வந்தார். ஒரு திட்ட ஆலோசனை நிறுவனத்தில் அவர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். பழைய தோட்டம் ஒன்றின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தைச் சரிபார்ப்பது அவருக்கு இடப்பட்ட பணி. வான்படத்தில் மரங்கள் அடர்ந்து தெரிந்த ஒரு பகுதி, வரைபடத்தில் ‘காலி நிலம்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. நேரில் சென்று பார்த்தபோது, அம்மரங்களின் அடியில் சிறிய அம்மன் கோயில் ஒன்று இருந்தது. விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்த மூதாட்டியர் இருவர் அவரை அழைத்துச் சென்று, ‘இது பெரட்டுக்களம், அது ஆயாக்கொட்டகை மேடு, இது பழைய சடக்கு’ என்று காட்டினர். விடியற்காலையில் வேலையாட்களைப் பெயர் அழைத்த இடமும், தாய்மார் பிள்ளைகளை விட்டுச்சென்ற இடமும், தோட்டத்துச் சாலையும் அவை.

‘ஐயா, இதை நான் சொல்லலாமா? நான் வெறும் பயிற்சி மாணவி. என் மதிப்பெண் மேற்பார்வையாளர் கையில் இருக்கிறது’ என்றார் அவர். அவ்வச்சத்தில் நியாயம் இருந்தது. வரைவை ஒப்படைக்க ஒன்பது நாட்களே எஞ்சியிருந்தன. யாம் அவரிடம் கூறியது இதுதான்: ‘குற்றம் சாட்டி எழுதாதே அம்மா. கண்டதை எழுது. என்று சென்றாய், எங்கு நின்றாய், எதைக் கண்டாய், யார் என்ன பெயர் சொன்னார்கள், எதை உன்னால் உறுதி செய்ய இயலவில்லை என்று தனித்தனியே எழுது.’ அவர் இன்னொரு முறை சென்று, மூதாட்டியரின் ஒப்புதலைப் பெற்று, படங்களுடனும் இடக்குறியீடுகளுடனும் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். மேற்பார்வையாளர் முதலில் முகம் சுளித்தார். பின்னர் அளவையாளர் ஒருவரை அனுப்பினார்.

முடிவில் அக்கோயில் வரைபடத்தில் வழிபாட்டிடமாகக் குறிக்கப்பட்டது. பெரட்டுக்களம் காலி நிலமாகவே நின்றது. அதற்கு ஆவணம் ஏதும் இல்லை. பாதிதான் முடிந்தது என்று அம்மாணவி வருந்தினார். எமக்கும் வருத்தமே. ஆயினும் அலுவலகத்தில் எது சான்றாக ஏற்கப்படுகின்றது, எது ஏற்கப்படுவதில்லை என்பதை மூன்றாண்டுப் பாடங்களில் அவர் கற்றதைவிட அந்த ஒன்பது நாட்களில் தெளிவாகக் கற்றார். மற்றொன்றையும் கற்றார். அவ்வலுவலகத்தில் அம்மூதாட்டியரோடு பேசவல்லார் வேறு எவரும் இல்லை. வீட்டுக்கும் தேர்வுக்கும் உரியது என்று அவர் எண்ணியிருந்த தமிழ், அங்குத் தொழிற்கருவியாக நின்றது.

மாணவர்களே, இவ்வனுபவத்திலிருந்து சிலவற்றை உங்களுக்குச் சொல்லுவோம். பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதோடு நில்லாமல், களத்துக்குச் செல்லும் வாய்ப்பு உண்டா, உதவித்தொகையும் பயணப்படியும் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். ஒரு கேள்வியோடு செல்லுங்கள். அன்றாடம் பணிக்குறிப்பேட்டில் செய்த வேலையை எழுதும்போது, அன்று கேட்ட புதிய சொல் ஒன்றையும் எழுதுங்கள். மக்கள் தம் இடத்துக்கு வழங்கும் பெயரை, அலுவலகப் பெயருக்கு அருகிலேயே குறித்துவையுங்கள். அவர்கள் இசைவின்றி அவர்களின் பெயரையோ படத்தையோ பயன்படுத்தாதீர்கள். பணி முடிந்தபின் நீங்கள் எழுதியதை அவர்களிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். எம் ‘ஊர்’ப் பிழையை யாம் அன்றே படித்துக் காட்டியிருந்தால் இரண்டு வாரங்கள் வீணாகியிரா.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழகம் வரை காத்திருக்கவேண்டியதில்லை. உங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள ஓரிரு தெருக்களுக்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் உள்ள பாட்டி அத்தெருவை எப்பெயரால் வழங்குகின்றார் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அப்பெயர்களை ஒரு தாளில் வரைந்து வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். நாளை அம்மாணவர் ஓர் அலுவலகக் கணினியின் முன் அமரும்போது, ‘காலி நிலம்’ என்னும் சொல்லைக் கண்டு ஒரு கணம் தயங்குவார். எழுந்து சென்று பார்த்துவரவும் கூடும்.

அம்மூதாட்டியருள் ஒருவர் இன்று இல்லை. அவர் காட்டிய பெயர்கள், அம்மாணவியின் பணிக்குறிப்பேட்டில் அவர் சொன்ன சொற்களிலேயே இருக்கின்றன.