முகத்தோற்றமும் உத்தியோகமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவருட் பலர் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் முதலாளிகள். பலர் உத்தியோகம் தேடும் பிள்ளைகளின் பெற்றோர். ஒருவருடைய முகவசீகரம் அவருடைய பிழைப்பை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கிறது என்னும் விஷயம் இருதிறத்தாரையும் பற்றியதாகும்.

முதற்கண் என் குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் கடையிற் கணக்கெழுத இரு வாலிபர் விண்ணப்பித்தனர். ஒருவர் சிவந்த மேனியும் எடுப்பான தோற்றமும் உடையவர். மற்றவர் கறுத்து மெலிந்தவர், முன்பல் சற்றே நீண்டவர். இருவர் கணக்கையும் சோதியாமலே முன்னவரை அமர்த்தினேன். ஆறு மாதத்திற் பேரேடு குழம்பிற்று. பின்னவர் எங்குச் சென்றாரோ அறியேன். அவர் திறமை யாதென்பதையும் இனி அறியப் போவதில்லை. நஷ்டம் எனக்கு; அநீதியோ அவருக்கு.

இஃது என் ஒருவன் பிழையன்று. படை அதிகாரிகள் தம் கீழுள்ளோரைப்பற்றி எழுதிய மதிப்புரைகளை எட்வர்ட் தார்ண்டைக் என்னும் அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1920-ல் ஆராய்ந்தார். தேகக்கட்டில் நன்மதிப்புப் பெற்றவரே புத்தியிலும் ஒழுக்கத்திலும் நன்மதிப்புப் பெறும் போக்கினை அவர் கண்டார். அமெரிக்கா, கனடா தேசங்களின் ஊதியக் கணக்குகளைப் பரிசோதித்த ஹாமர்மெஷ், பிடில் என்னும் பொருளாதார ஆசிரியர்கள், அழகிற் குறைந்தோர் நடுத்தரத் தோற்றமுடையோரினும் நூற்றுக்கு 5 முதல் 10 வரை குறைவாகச் சம்பாதித்தனர் என்று 1994-ல் வெளியிட்டனர். ஆடவர்க்கும் இக்குறைவு பெண்டிர்க்குச் சிறிதும் குறைந்ததன்று.

அழகர்க்குத் திறமை மிகுதியோவெனில், அன்று. மோபியஸ், ரோசன்பிளாட் என்போர் 2006-ல் வெளியிட்ட பரீட்சையில், புதிர்வழி கண்டுபிடிக்கும் வேலையில் அழகர் பிறரை விஞ்சவில்லை. ஆயினும் எஜமானர் அவரையே திறமைசாலிகளென மதித்தனர். அழகரிடம் மிகுந்திருந்தது தன்னம்பிக்கையே.

இதற்குப் பரிகாரம் உண்டு. அமெரிக்கப் பெரிய வாத்திய கோஷ்டிகள், 1970-க்குப் பின், ஆளைக் காணாது வாசிப்பை மட்டும் கேட்கும்பொருட்டுத் திரையிட்டுப் பரீட்சித்தன. முதன்மையான ஐந்து கோஷ்டிகளில் 1970-ல் நூற்றுக்கு 5-க்கும் குறைந்திருந்த பெண்டிர், 1996-ல் 25 ஆயினர். திரையும் இதற்கொரு காரணமென்று கோல்டின், ரௌஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 2000-ல் எழுதினர். பிரெஞ்சு தேசமோ உடல் தோற்றம்பற்றி வேலை மறுப்பதை 2001-ல் சட்டத்தால் விலக்கிற்று.

ஆகவே, முதலாளிகளாகிய அன்பர்களே! விண்ணப்பத்துடன் படம் கேளாதீர். ஒரு பக்கக் கணக்கைக் கொடுத்து, வேலையை முன்னும் முகத்தைப் பின்னும் பாருங்கள். தாய்மாரே! தந்தைமாரே! "கறுப்பாயிருக்கிறாய், உனக்கு யார் வேலை கொடுப்பார்?" என்னும் சொல் நம் வீடுகளில் இனி ஒலிக்க வேண்டாம். பிற்காலத்தில் அவர்கள் எஜமானர் முன் நிமிர்ந்து பேசவேண்டிய தைரியத்தை அச்சொல்லே முதலிற் பறிக்கின்றது.

என்னிடம் வந்து வெறுங்கையுடன் திரும்பிய அவ்வாலிபருக்கு நான் செய்யத்தக்க பிராயச்சித்தம், இதனை உங்கள்முன் கூறுவதேயாகும்.