மறுபடியும் கால் ஊன்ற
(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



அறுவைச் சிகிச்சை முடிந்து, தையலும் பிரித்தாகிவிட்டது. மருத்துவர், "இனி நடக்கலாம்" என்கிறார். நோயாளியோ கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடி, காலைத் தரையில் வைக்கத் தயங்குகிறார். வார்டில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி இது. இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு கால்பந்து வீரரின் அனுபவத்தைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

அவர் பிரேசில் நாட்டு ரொனால்டோ. அதே பெயருள்ள போர்ச்சுகல் வீரருக்கு இவர் மூத்தவர். 1999 நவம்பரில், இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்காக ஆடும்போது அவருடைய வலது முழங்காலில் தசைநாண் கிழிந்தது. முழங்கால் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு பிணைப்பது அந்தத் தசைநாண்தான். பாரிசில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 2000 ஏப்ரல் 12 அன்று, ரோமில் லாசியோ அணிக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சில நிமிடங்கள்தான் ஆடியிருப்பார். பந்தோடு முன்னேறுகையில் அதே முழங்கால் மடங்கி விழுந்தார். இம்முறை தசைநாண் முழுவதுமாக அறுந்துபோயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். எதிரணியார் எவரும் அவரை இடித்துத் தள்ளவில்லை. பிறர் இடித்து விழுந்தவன் அடுத்த முறை அவர்களுக்கு விலகி ஓடலாம். தன் சொந்தக் காலே தன்னைக் கைவிட்டால், எதை விட்டு விலகுவான்?

மறுபடியும் அறுவைச் சிகிச்சை. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. இத்தகைய காயத்தில் முதலில் முழங்காலை மடக்கப் பழக வேண்டும். பின்பு மெலிந்துபோன தொடைத் தசையைப் பலப்படுத்த வேண்டும். நடக்க வேண்டும், ஓட வேண்டும், ஓடிக்கொண்டே திரும்ப வேண்டும். ஒவ்வொரு படியிலும் கால் தாங்கும்போது மனம் கொஞ்சம் திடன்கொள்ளுகிறது. வெறும் ஆறுதல் வார்த்தையால் அந்தத் திடன் வருவதில்லை.

2002 ஜூன் 30, ஜப்பானின் யோகோஹாமா நகர். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ரிவால்டோ அடித்த பந்தை ஜெர்மனியின் ஆலிவர் கான் பிடித்தும் நழுவவிட்டார். தயங்காமல் பாய்ந்துவந்து அதைக் கோலாக்கியவர் ரொனால்டோ. இரண்டாவது கோலும் அவருடையதே. அந்தப் போட்டித் தொடரில் மொத்தம் 8 கோல்கள் போட்டார்.

அதன்பின் அவருக்குத் துன்பமே வரவில்லை என்று சொல்லமாட்டேன். 2008-ல் இடது முழங்காலிலும் அதே தசைநாண் அறுந்தது. அதிலிருந்தும் எழுந்து, 2009-ல் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் அணிக்காக ஆடினார். ஆகவே, இனி விழவேமாட்டேன் என்பதல்ல நம்பிக்கை. விழுந்தாலும் எழுந்திருக்க வழியுண்டு என்று அறிந்து காலை ஊன்றுவதே நம்பிக்கை.

பிரியமானவர்களே, சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். "இன்னுமா நடக்கவில்லை?" என்று அவரைக் கேளாதிருங்கள். ஒரு மாலை நேரம் அவர் வீட்டுக்குப் போய், அவர் பக்கத்தில் நின்று, வாசல்வரை பத்தடி கூட நடங்கள். மறுநாளும் போங்கள்.

தேவன் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.