தூரத்து மருத்துவமனைக்கு ஏன் அனுப்புகிறார்கள்?

"பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்க, எதற்காக இவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள்?" பெரிய அறுவை சிகிச்சைக்கென்று டாக்டர் கடிதம் கொடுத்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. தூரம் என்றால் பயணச் செலவு உண்டு. துணைக்குப் போகிறவருக்கு நாள் சம்பளம் போய்விடும். வீட்டில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். ஆகவே இந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனாலும், சில சிகிச்சைகளுக்கு அந்தத் தூரத்தைக் கடந்து போவதுதான் நல்லது. பிட்யூட்டரி சுரப்பியில் செய்யப்படும் அறுவை சிகிச்சை அவற்றுள் ஒன்று.

இந்தச் சுரப்பி பட்டாணி அளவே உள்ளது. மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்புறம், ஓர் எலும்புக் குழியில் அமைந்திருக்கிறது. உடல் வளர்ச்சி, மாதவிலக்கு, தாய்ப்பால், உடலில் தங்கும் தண்ணீரின் அளவு ஆகியவற்றை இது ஆள்கிறது. இதில் உண்டாகும் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆயினும் அது பெரிதானால் பார்வை நரம்பை அழுத்தி, இரு பக்கப் பார்வையையும் மங்கச் செய்யும். சிலருக்குக் கைகால் பருத்து, பழைய மோதிரமும் செருப்பும் பொருந்தாமல் போகும்.

இக்கட்டியைப் பெரும்பாலும் மூக்குத் துவாரத்தின் வழியாகவே எடுக்கிறார்கள். சுரப்பிக்கு மேலே பார்வை நரம்புகள். இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள். கருவி சற்று விலகினாலும் ஆபத்து.

அமெரிக்காவில் 1996 முதல் 2000 வரை 538 மருத்துவமனைகளில் நடந்த இத்தகைய 5,497 அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிகக் குறைவாகச் செய்த மருத்துவமனைகளில் 1,000 பேருக்கு 9 பேர் இறந்தார்கள். மிக அதிகமாகச் செய்தவற்றில் 4 பேர். சிகிச்சைக்குப் பின் நேரே வீடு திரும்ப முடியாதவர்கள் முதல் வகையில் 54 பேர். இரண்டாம் வகையில் 26 பேர். எங்கே செய்தாலும் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பது உண்மை. எனினும் வித்தியாசம் சிறிதல்ல.

இதற்குக் காரணம் என்ன? பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாள்தோறும் வெட்டுகிறவர் கத்தி பட்டையை மட்டும் சீவும். எப்போதோ வெட்டுகிறவர் கத்தி மரத்தையே காயப்படுத்தும். அறுவை மருத்துவரின் கையும் பழகப் பழகத்தான் தேறும். திறமையான இடத்தை நாடி நோயாளிகள் அதிகம் போவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் கைத்திறன் பாதி வேலைதான். மறு பாதி சிகிச்சைக்குப் பிறகு வரும் நாட்களில் இருக்கிறது. சிலருக்கு அடக்க முடியாத தாகமெடுத்து, சிறுநீர் ஓயாமல் போகும். சிலருக்கு ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, வீட்டுக்குத் திரும்பிய பின், இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம் காணும். மூக்கிலிருந்து தண்ணீர் போலச் சொட்டினால், அது மூளையைச் சூழ்ந்துள்ள நீராக இருக்கலாம். கிருமி உள்ளே புகுந்துவிடும். இத்தகைய நோயாளிகளை அடிக்கடி பார்த்துப் பழகிய தாதியரும் சுரப்பி மருத்துவரும் இவற்றை முன்கூட்டியே கண்டுகொள்வார்கள்.

ஆகவே, கடிதம் கொடுத்தால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். "இந்தச் சிகிச்சை இங்கே ஆண்டுக்கு எத்தனை பேருக்கு நடக்கிறது? பிறகு யார் கவனிப்பார்கள்? வீட்டில் ஏதாவது நேர்ந்தால் யாரை அழைப்பது?" என்று டாக்டரைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. வீடு திரும்பியதும் நான் சொன்ன அறிகுறி எது கண்டாலும் உடனே தெரிவியுங்கள். கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதுவும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். திடீரென்று கடுமையான தலைவலி வந்து பார்வை மங்கினால், தூரத்து மருத்துவமனையைத் தேட வேண்டாம். முதலில் அருகிலுள்ள மருத்துவமனைக்கே ஓடுங்கள். எங்கே அனுப்புவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.