சட்டமன்றத்தின் சாவி
(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். இன்று நாம் பேச வந்திருப்பதோ கணிப்பொறியைப் பற்றி. இதுவும் எழுத்தைக் காக்கும் பேச்சே ஆதலின், சற்றே செவிசாய்க்க வேண்டுகிறோம்.

நம் சங்கத்தில் நேர்ந்த ஓர் இழப்பிலிருந்து தொடங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மலர்களை ஒன்றுசேர்த்துப் பதிப்பிக்க முற்பட்டோம். தொண்ணூறுகளில் அச்சகம் தந்த தட்டுகளைக் கணிப்பொறியில் இட்டபோது, தமிழ் எழுத்துக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றின. அந்நாளில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழுக்குத் தனித்தனிக் குறியீட்டு முறையை வைத்திருந்தது. நாம் பயன்படுத்திய முறையைத் தந்தவரோ தொழிலை விட்டே போய்விட்டார். தாளில் இருந்தவற்றை மீண்டும் தட்டச்சுச் செய்தோம். செல்லரித்த மலரில் இருந்த, சங்கத்தைத் தோற்றுவித்த பெரியவர் ஒருவரின் நினைவுக் கட்டுரை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. எழுத்து நம்முடையது, அதைத் திறக்கும் சாவி நம்மிடம் இல்லை.

ஒரு சிறு சங்கத்திற்கே இது துன்பமாயின், ஒரு நாட்டின் சட்டமன்றத்திற்கு இந்நிலை வரலாமா? உறுப்பினர் கேட்ட கேள்வி, அமைச்சர் அளித்த விடை, மசோதா, அதன் திருத்தம், குழு அறிக்கை, அவை நடவடிக்கைக் குறிப்பு ஆகிய யாவும் மக்களின் உடைமை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றைப் படிக்க இயல வேண்டும். ஒரு வணிக நிறுவனத்தின் உரிமம் இருந்தால்தான் அவற்றைத் திறக்கலாம் என்பது முறையாகுமா?

இங்குதான் கட்டற்ற மென்பொருள் துணைக்கு வருகிறது. கட்டற்றது என்பதை இலவசம் என்று கொள்ளலாகாது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல் வழங்குவதால் மயக்கம் உண்டு. தமிழில் அம்மயக்கம் இல்லை. கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடியையும், பக்கத்து வீட்டு அம்மையார் பக்குவம் சொல்லித் தரும் பொடியையும் எண்ணிப் பாருங்கள். பக்குவம் தெரிந்தால் நாமே இடிக்கலாம், காரத்தைக் குறைக்கலாம், மற்றவர்க்கும் சொல்லித் தரலாம். அதுபோலவே, எப்பயனுக்கும் இயக்குதல், மூலநிரலைப் படித்து மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், திருத்தியதையும் வழங்குதல் ஆகிய நான்கு உரிமைகளையும் தருவதே கட்டற்ற மென்பொருள். 1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் இவ்வியக்கத்தைத் தொடங்கினார். 2001ஆம் ஆண்டு அவர் நாம் வாழும் இத்திருவனந்தபுரத்திற்கே வந்து, இவ்வியக்கத்தின் இந்திய அமைப்பைத் தொடங்கிவைத்தார்.

அவ்வித்து இம்மண்ணில் வீணாகவில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த ஆதரவை அதன் நிறுவனம் முடித்துக்கொண்டது. உலகெங்கும் அலுவலகங்கள் திகைத்தன. புதிய உரிமங்களை விலைகொடுத்து வாங்குவதா, வேறு வழி காண்பதா என்ற வினா எழுந்தது. பாளையத்தில் வீற்றிருக்கும் கேரளச் சட்டமன்றம் அவ்வாண்டில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறும் வழியைத் தேர்ந்தது. அண்டை வீட்டில் நடந்த இச்செய்தியை நம்மில் பலர் அறியாதிருப்பது வியப்பே.

செலவுக் குறைவு இதன் ஒரு பயன். அதனினும் பெரிய பயன் நம்பகம். நம் நாட்டின் மக்களவையில், உறுப்பினர்களின் கேள்விகளில் எது முதலில் வருவது என்பதைக் குலுக்கலால் முடிவு செய்வது மரபு. சீட்டுக் குலுக்கினால் கண்ணாரக் காணலாம். கணிப்பொறி குலுக்கினால் எதைக் காண்பது? மூலநிரல் திறந்திருந்தால், ஐயமுற்ற எவரும் வல்லுநர் ஒருவரைக் கொண்டு ஆராய்ந்து பார்க்கலாம். மூடியிருந்தால், நம்புவதையன்றி வேறு வழியில்லை. ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் பொதுவான அவையில் கருவியும் பொதுவாய் இருத்தலே அழகு.

ஆயினும் உரிமை கிடைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிட இயலாது. இதற்குக் கடல் கடந்த ஒரு சான்று உண்டு. 577 உறுப்பினர்களைக் கொண்ட பிரெஞ்சு தேசியப் பேரவை, 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் புதிய அவை கூடியபோது, உறுப்பினர்க்கும் அவர்தம் உதவியாளர்க்கும் உரிய 1,100க்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை அமைத்தது. உலகமே அதைப் பாராட்டியது. ஆனால் 2012ஆம் ஆண்டு அடுத்த அவை அமைந்தபோது, விரும்பியவர் விண்டோசுக்குத் திரும்ப இடமளிக்கப்பட்டது. கைப்பழக்கம் எளிதில் மாறுவதன்று. நாளைக் காலை அவை கூடுமுன் அறிக்கையை முடித்தாக வேண்டிய எழுத்தரிடம், பழகாத கருவியைத் தந்து கொள்கை பேசுதல் கொடுமையே ஆகும். பயிற்சியும், இடர் வந்தபோது ஓடிவரும் துணையும் இல்லையேல், நல்ல கொள்கையும் ஐந்தாண்டில் தளர்ந்துவிடும்.

அத்துணைக்கு நாம் வெளியே தேடிப்போக வேண்டுவதில்லை. இம்மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் நம் பிள்ளைகள் பள்ளியில் லினக்சிலேயே கணிப்பொறி கற்கின்றனர். பெரியவர்களாகிய நாம்தாம் பின்தங்கியுள்ளோம். ஆதலின் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, அடுத்த ஆண்டு மலரையும் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளையும் ஒருங்குறி எழுத்திலும், 2006ஆம் ஆண்டு முதல் உலகத் தர அமைப்பின் ஏற்பைப் பெற்ற திறந்த ஆவண வடிவிலும் சேமிப்போம். மற்றொன்று, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் பிள்ளைகள் நமக்கு ஆசிரியராகட்டும். மாணவராய் அமர நாம் நாணவேண்டுவதில்லை.

சட்டமன்றம் தன் சாவியைத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கும் தகுதி, நம் வீட்டுச் சாவியை நாம் வைத்திருக்கும்போதே நமக்கு வரும். அந்தப் பெரியவரின் கட்டுரை இனிக் கிடைக்கப்போவதில்லை. இன்று நாம் எழுதுவதேனும் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும்.