பழங்காசும் அதன் விலையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

முன்வரிசையில் அமர்ந்து மேடையைக் காட்டிலும் பின்புறத்துச் சமையற்கட்டின் மணத்திலேயே கருத்தாயிருக்கும் குழந்தைகளே!

நம் செயலாளர் என்னை அழைத்தபோது, "இலக்கியம் பேசப் பலர் இருக்கின்றனர், நீங்கள் காசைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். முப்பது ஆண்டு கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு வேறென்ன தெரியும் என்று எண்ணினார் போலும். ஆயினும் நான் பேச வந்தது செல்லும் காசைப் பற்றியன்று. செல்லாக் காசைப் பற்றியே.

என் கையிலிருக்கும் இச்சுருக்குப் பை, புதுக்கோட்டைச் சீமையில் வாழ்ந்து மறைந்த என் அப்பத்தாவுடையது. தம்பிடி, காலணா, அரையணா, அம்மன் காசு என அறுபதுக்கு மேற்பட்ட காசுகள் இதனுள் உள்ளன. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஒரு காலணாவுக்கு மூன்று தம்பிடி, ஓர் அணாவுக்கு நான்கு காலணா, பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. 1957 ஏப்ரல் முதல் நாள் இக்கணக்கு மாறி, ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. 1964இல் 'நயா' என்னும் அடைமொழி உதிர்ந்தது. 2011 ஜூன் 30ஆம் நாளோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் செல்லாதனவாயின. ஆகவே, முகமதிப்பைவிட மிகுதியாகப் பெறும் சில்லறைக் காசு எது என்று கேட்டால், சட்டப்படி இப்பையிலுள்ள அனைத்துமே என்று சொல்லிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். ஆனால் செயலாளர் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியுள்ளார்.

பழமையே விலை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை மாகாணத்துக்கென 1808இல் பத்துக் காசு, இருபது காசு நாணயங்களை இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோஹோ அச்சுச்சாலையில் செய்வித்தது. அவற்றை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டகலும் முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. நம் சந்தைகளில் புளிக்கும் மிளகாய்க்கும் கைமாற வேண்டிய காசுகள் நூற்றெழுபது ஆண்டுக்கு மேல் கடலடியில் கிடந்தன. 1980களில் அவற்றை இலட்சக்கணக்கில் வெளியே எடுத்தனர். இருநூறாண்டு வயது, கப்பல் கவிழ்ந்த கதை, இரண்டும் இருந்தும், கடலரித்த அக்காசு இன்று எளிய விலைக்கே கிடைக்கிறது. காரணம், அது ஏராளமாக இருக்கிறது. 1835ஆம் ஆண்டுக் கம்பெனிக் காலணாவின் நிலையும் அதுவே.

இனி, இளமையாயிருந்தும் விலை பெறும் காசு ஒன்று. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு வந்த நாணயங்களில், அவர் அங்கியில் ஒரு யானை பொறிக்கப்பட்டிருந்தது. துதிக்கை குட்டையாகி, கால்களும் குறுகி, அது பன்றி போலத் தோற்றியது. மக்கள் மனம் புண்பட்டது. ரூபாய்களில் பெரும்பகுதியை அரசு உருக்கிவிட்டது. மறுஆண்டு யானையைத் திருத்தி வரைந்தனர். 1911 என்னும் ஆண்டெண் தாங்கிய காலணாவைக்கூட அதனால்தான் சேகரிப்போர் தேடுகின்றனர். அப்பத்தாவின் பையில் அத்தகைய காலணா ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. அதன் கதையைப் பின்னர்ச் சொல்வேன்.

ஓட்டைக் காலணாவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போர்க்காலத்தில் செம்புக்கு முடை ஏற்பட்டது. 1943இல் அரசு காலணாவின் நடுவில் துளையிட்டு, எடையைப் பாதிக்கும் கீழே குறைத்தது. பட்டறைக்காரர்கள் அதனை வாஷராகப் பயன்படுத்திக் கொண்டனர் என்பர். கடையில் வாங்கும் வாஷரைவிட அது மலிவு! அதே 1943இல், அதே முடையால், அமெரிக்கா தன் சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அச்சிட்டது. அவ்வேளை, முந்தைய ஆண்டின் வெண்கலத் தகடுகள் சில இயந்திரத்தில் தவறிக் கிடந்து, அவையும் அச்சாகிவிட்டன. அவற்றுள் டென்வர் அச்சுச்சாலையில் பிறந்த ஒன்று 2010இல் 17 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவோரும் அந்நாட்டில் உண்டு; காந்தத்தை அருகில் கொண்டுசென்றால் குட்டு வெளிப்படும். இலண்டனிலோ, புழக்கத்தில் போதிய பென்னி இருந்தமையால் 1933இல் புதிதாக வெளியிடவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லின்கீழ் இடுவதற்கும் காட்சிக்கும் மட்டும் ஒரு சிலவே செய்தனர். அவற்றுள் ஒன்றை 1970இல் லீட்ஸ் நகரத்துத் தேவாலயத்தின் அடிக்கல்லுக்கடியிலிருந்து எவரோ களவாடிச் சென்றனர்.

நம் ஓட்டைக் காலணாவோ தேய்ந்ததாயின் ஒரு காப்பியின் விலைகூடப் பெறாது. வருந்த வேண்டா.

நிற்க. 1911 காலணாவுக்கு வருகிறேன். பள்ளி விடுமுறை ஒன்றில், அப்பத்தாவின் காசுகள் கறுத்துக் கிடக்கக் கண்டு, புளியும் சாம்பலும் இட்டு அனைத்தையும் பளபளவெனத் தேய்த்து வைத்தேன். அப்பத்தா மகிழ்ந்து ஒரு சீடை கூடுதலாகத் தந்தாள். நாற்பது ஆண்டு கழித்து, ஒரு நாணயக் கண்காட்சியில் அக்காலணாவைக் காட்டினேன். வணிகர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார், "தேய்த்தீர்களா?" என்று ஒரே சொல் கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். காலத்தால் செம்பின் மேல் படியும் பழுப்புநிறம் காசின் தோலைப் போன்றது. உரித்தால் திரும்ப வாராது. குத்துவிளக்குக்குப் புளி இடுங்கள், காசுக்கு இடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மையில் இதற்காகவே மேடையேற இசைந்தேன். நம் காலனியைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். அவர் இசைவு பெற்றே சொல்கிறேன். "அண்ணா, இதைச் சற்றுப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு தடித்த செம்புக் காசை நீட்டினார். ஒருபுறம் அனுமார், மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனி, ஓர் அணா, 1818. அவர் மாமனார் விட்டுச் சென்றது. தொலைபேசியில் ஒருவன் அதற்குப் பல இலட்சம் தருவதாகவும், ரிசர்வ் வங்கியில் பதிவு செய்யக் கட்டணம் வேண்டுமென்றும் கூறி, மும்முறை பணம் பெற்றுவிட்டான். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகை அது. கம்பெனி அத்தகைய அனுமார் காசை ஒருநாளும் அச்சிட்டதில்லை. அவை பிற்காலத்தில் பூசைக்கெனச் செய்து விற்கப்பட்டவை. பழங்காசு வாங்கவோ விற்கவோ தன் பெயரால் கட்டணம் கேட்போரை நம்பவேண்டாவென்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்துள்ளது. விற்க வந்தவரிடம் முன்பணம் கேட்பவன் வாங்க வந்தவனல்லன். பணம் போய்விட்டதாயின் தாமதியாமல் 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். அம்மையார் வெட்கத்தால் இரண்டு மாதம் வாளாவிருந்துவிட்டார். அதற்குள் அவன் சுவடே இல்லை. கட்டணத்தை அண்டை வீட்டார் சிலர் கூடிச் சரிசெய்தோம். அனுமார் அவர் பூசையறையில் இருக்கிறார். அங்கு இருப்பதில் குறையொன்றுமில்லை.

சமையற்கட்டிலிருந்து சைகை வந்துவிட்டது. உணவுக்குப் பின் பையைத் திறந்து வைக்கிறேன். பிள்ளைகள் வந்து பார்க்கலாம். காசின் முகத்தில் விரல் வையாமல் விளிம்பைப் பிடியுங்கள். ஓட்டைக் காலணாவை மட்டும் எண்ணி வாங்கி எண்ணித் தாருங்கள், ஐந்து இருக்கின்றன.