கல்லிடைக்குறிச்சி நடராசர்: களவும் மீட்பும்

இரண்டாம் உலகப் போரில் கொள்ளைபோன கலைச்செல்வங்களின் மீட்பை இரு திரைப்படங்கள் உலகறியச் செய்தன. ஓவியங்களை ஏற்றிய ரயிலை ஜெர்மனிக்குப் போகவிடாமல் தடுத்த பிரெஞ்சு ரயில்வே தொழிலாளர்களைப் பற்றியது ‘தி டிரெயின்’ (1964). நேச நாட்டுப் படையுடன் சென்ற கலை அறிஞர்களைப் பற்றியது ‘தி மான்யுமென்ட்ஸ் மென்’ (2014). வரலாற்றில் இந்த மீட்புக்குப் பெருந்துணையானவர் ரோஸ் வலாந்த். பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் பணியாற்றிய அவர், எந்த ஓவியம் எங்கே போகிறது என்று நாஜிகள் அறியாமல் குறித்து வைத்தார். துப்பாக்கி செய்யாததை அவருடைய குறிப்பேடு செய்தது.

தென்காசிச் சீமைக்கு அருகிலும் இத்தகைய மீட்பு நடந்துள்ளது. தென்காசி–திருநெல்வேலி ரயில் பாதையில், தாமிரபரணிக் கரையில் உள்ள ஊர் கல்லிடைக்குறிச்சி. அங்குள்ள குலசேகரமுடையார் கோயிலில் 1982-இல் பூட்டு உடைக்கப்பட்டது. நடராசரும் சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர் உள்ளிட்ட திருமேனிகளும் களவுபோயின. காவல்துறையில் வழக்குப் பதிவானது; துப்புக் கிடைக்காததால் 1984-இல் மூடப்பட்டது.

குற்றாலம் சித்திரசபையில் கூத்தன் சுவரோவியமாக இருக்கிறான்; அவனைப் பெயர்த்துச் செல்வது அரிது. செப்புத் திருமேனியின் நிலை வேறு. வீதியுலாவுக்கு எழுந்தருள வேண்டியது என்பதால் தூக்கிச் செல்லத் தக்கதாகவே அது வார்க்கப்படுகிறது. பக்தர்க்கு வாய்த்த இந்த வசதியே கள்வர்க்கும் வாய்த்தது.

கடல் கடந்த நடராசர், 2001-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலுள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். அவரை அடையாளம் காட்டியது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1950-களில் தொடங்கித் தமிழகக் கோயில்களைப் படம் பிடித்து வந்தனர். களவுக்கு முன்பே கல்லிடைக்குறிச்சித் திருமேனியும் அப்படங்களில் பதிவாகியிருந்தது.

ஒரு படம் சான்றாக நிற்பதற்கு வார்ப்பு முறையே காரணம். தேன்மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பு ஊற்றப்படும். ஆறியபின் மண்கூட்டை உடைத்தே திருமேனியை எடுக்க வேண்டும். அச்சு உடைந்துவிடுவதால், அதே வார்ப்பு மறுமுறை வராது. சடையின் விரிவு, விரல்களின் வளைவு, திருவாசிச் சுடர்களின் வரிசை, முயலகன் கிடக்கும் சாய்வு ஆகியவற்றைப் படத்தோடு ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

தமிழக சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு வழக்கை மீண்டும் எடுத்தது. கலைக்கூடமும் திருமேனியைத் திருப்பித் தர இசைந்தது. 2019 செப்டம்பரில் டெல்லியிலிருந்து ரயிலில் சென்னைக்கு வந்த நடராசர், 37 ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பினார். மூடப்பட்ட வழக்கின் பதிவும் பழைய படமும் இல்லாதிருந்தால், உரிமையை நிலைநாட்டுவது மிகக் கடினமாகியிருக்கும்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைக் காப்போரைத் தான் வணங்குவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். மன்னன் வணங்கிய அந்தக் காவற்பணி இன்று ஒவ்வொரு சிற்றூர்க் கோயிலிலும் செய்யக்கூடியதே. திருமேனிகளை எல்லாப் பக்கமும் படமெடுத்து, உயரம், எடை, தழும்பு, எழுத்துப் பொறிப்பு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். படி ஒன்றைக் கோயிலுக்கு வெளியேயும் வைக்க வேண்டும். களவு நடந்தால் அன்றே புகார் தர வேண்டும்.